ஆறு மணிக்கு மேல் அனுமதியில்லை

கம்பெனி பஸ் ஊசுட்டேரியைக் கடக்க
ஒரு நிமிடம் நாற்பது நொடி.
செலஸ்தீன் கைப்பேசியில் அளந்திருக்கிறாள்.
காலை ஆறு இருபதுக்கு
ஜன்னல் கம்பிகளுக்குள் வந்து போகும் தண்ணீர்.
பாதி நாள் எங்கள் கண் மூடியிருக்கும்.
ஆறு வருடமாக
அவ்வளவுதான் எங்களுக்கு ஏரி.

சேதராப்பட்டில் மாத்திரை அட்டை எண்ணுகிற கைகள்
மஞ்சள் இன்டென்ட் தாளின் பின்பக்கத்தில்
பட்டியல் போட ஆரம்பித்தது மூன்று மணி டீயின்போது.
மூன்று மணி என்றால்
விடியாத மூன்று.

கூடாரம் ஏழுமலையுடையது.
தவணையில் வாங்கி
தவணை முடிந்தும் பிரிக்காதது.
நான்கு பேருக்கு என்று உறையில் போட்டிருந்தது.
சைக்கிள் ஸ்டாண்டில் விரித்துப் பார்த்தோம்.
நான்கு பேர் படுக்கலாம்தான்,
திரும்பிப் படுப்பதென்றால் நால்வரும்
பேசி வைத்துத் திரும்ப வேண்டும்.

கொசுவர்த்தி: அடித்தாயிற்று, நெருப்பு கூடாது.
பிரியாணி: எலும்புக்கு நாய் வரும்,
நாய் வந்தால் பறவை போகும்.
எலுமிச்சை சாதம் என்று எழுதும்போது
பேனாவே சலித்துக்கொண்டது.
ஏழுமலை ஓரத்தில் பொடியாக
குவார்ட்டர் என்று எழுதியிருந்தான்.
அதன் மேலேயே செலஸ்தீன்
கொட்டை எழுத்தில்: ஓ.ஆர்.எஸ்.

மாதத்துக்குத் தனிச் சண்டை.
ஐப்பசி என்றால் புயல் சின்னம்.
கார்த்திகையில் கரையெல்லாம் சேறு.
சித்திரையில் ஏரி இருக்கும்,
தண்ணீர்தான் கரையை விட்டுத் தள்ளிப் போயிருக்கும்.
தை என்றோம்.
தையில் வாத்துகளும் எங்கிருந்தோ வந்து தங்குகின்றன.
அவற்றிடம் யாரும் பாஸ் கேட்பதில்லை.

வீட்டில் என்ன சொல்வது?
ஓவர்டைம் என்றோம், ஒரே குரலில்.
சிரித்தோம்.
பிறகு கொஞ்ச நேரம் சிரிக்கவில்லை.
ஓவர்டைம் என்றால் சம்பளத்தில் தெரிய வேண்டுமே.
ஆளுக்கு முன்னூறு தனியாக எடுத்து வைத்தோம்,
பொய்க்கான பட்ஜெட்.

அனுமதிக்கு நான்தான் போன் செய்தேன்.
"காலைல ஆறு, சாயங்காலம் ஆறு.
அதுக்கு மேல ஒரு ஈ காக்கா இருக்கக் கூடாது."
பறவைகள் சரணாலயத்தில் இருந்துகொண்டு
அப்படிச் சொன்னது அவருக்கே கேட்டிருக்க வேண்டும்.
சற்று நிறுத்தி, "மனுஷங்களைச் சொன்னேன்" என்றார்.

அன்றிரவு பட்டியல்
கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் கிடந்தது.
குனிந்து எடுக்க யாருக்கும் மனசில்லை.

இரண்டாவது இடைவேளையில்
தலையுறையைக் கழற்றிக்கொண்டே ஜுலைகா கேட்டாள்:
"காலைல ஆறுலேர்ந்து சாயங்காலம் ஆறு.
நமக்கு அதுதானே ராத்திரி?"

மெஷின் மட்டும்
பேசிக்கொண்டிருந்தது.

மறுபடி போன்.
"தங்கலை சார். பகல்ல தூங்கிட்டுக் கிளம்பிடுவோம்."
"தூங்கவா? டென்ட் போட்டா?"
"நைட் ஷிஃப்ட் சார்."
அந்தப் பக்கம் நாற்காலி நகரும் ஓசை.
"வேப்பமரத்துக்குக் கிழக்கால போட்டுக்குங்க.
மேற்கால நாரை எச்சம் விழும்."

புதிய பட்டியல் சின்னது.
டார்ச் வேண்டாம்.
நட்சத்திரம் பார்க்கிற ஆசையையும் அடித்தாயிற்று,
அது தினமும் ஸ்டோருக்குப் பின்னால் கிடைக்கிறது.
கண்ணை மறைக்கக் கறுப்புத் துணி, நான்கு.
கம்பி உடைந்த குடையொன்றைக் கிழித்து
செலஸ்தீன் தைத்துக்கொண்டிருக்கிறாள்.
டிரைவர் கலியபெருமாள் சம்மதித்துவிட்டார்,
அன்று ஒருநாள் பஸ்
ஏரியோரம் நிற்கும்.
இறங்கியதும் முதல் ஒரு மணி நேரம்
யாரும் தூங்கக் கூடாது.
கம்பி இல்லாத,
பின்னால் ஓடாத,
நின்ற இடத்திலேயே நிற்கிற ஏரியைப் பார்க்க வேண்டும்.
அது எப்படி இருக்கும் என்று ஏழுமலை கேட்டான்.
யாருக்கும் தெரியவில்லை.
சாயங்காலம் அங்கிருந்து நேரே கம்பெனி,
ஏழு மணி பஞ்ச்.

எல்லாம் முடிவாகிவிட்டது.
ஐந்தரைக்கு
நான்கு பேரையும் எழுப்பப் போவது யார்
என்பதுதான் பாக்கி.